முதல் இயலின் 'நான்'

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சமூக அறிவியல் ஆய்வேடுகள் பலவற்றில், முதல் இயலிலேயே ஒரு பத்தி சடங்குபோல் இடம்பெறுகிறது. ஆய்வாளர் தம் சாதி, வர்க்கம், பாலினம் ஆகியவற்றை அறிவித்து, அவை தம் பார்வையை எவ்வாறு வடிவமைத்தன என்று விளக்குவார். அப்பத்தியில் 'நான்' தயங்காமல் எழுவாயாக நிற்கும். அதே ஆய்வாளர் பேராசிரியராகித் துறைக் கூட்டத்தில் அமரும்போது, உதவித்தொகை நின்றுபோன மாணவரின் முறையீடு 'ஒத்திவைக்கப்பட்டது' என்று குறிப்பேட்டில் பதிவாகும். ஒத்திவைத்தவர் யார் என்று அவ்வாக்கியம் சொல்லாது. சொல்லாமலிருக்கத்தான் செயப்பாட்டு வினை.

தன்னாய்வு முதிர்ந்தால் அறத்துணிவு தானே கனியும் என்பது கல்விப்புலத்தின் வசதியான நம்பிக்கை. 1936இல் லாகூரில் நடந்தது அதை எப்போதோ பொய்யாக்கிவிட்டது. ஜாத்-பாத் தோடக் மண்டல் சாதியை ஒழிக்கவென்றே தோன்றிய அமைப்பு. தம் சமூகத்தின் குற்றத்தை உணர்ந்த சாதி இந்துச் சீர்திருத்தவாதிகளே அதை நடத்தினர். ஆண்டு மாநாட்டுக்குத் தலைமையேற்க அம்பேத்கரை அழைத்தவர்களும் அவர்களே. உரையைப் படித்தபின், வேத சாத்திரங்களின் அடிப்படையையே மறுக்கும் பகுதிகள் அவர்களை அச்சுறுத்தின. நீக்கக் கோரினர், அவர் இசையவில்லை. மாநாடு கைவிடப்பட்டது. (இங்கும் செயப்பாட்டு வினை எவ்வளவு எளிதாக வந்து அமர்கிறது!)

மண்டலாரை அறியாதோர் என்று தள்ளிவிட முடியாது. தாங்கள் எத்தகையோர் என்று அவர்கள் ஆராய்ந்திருந்தனர். எதை இழக்க ஆயத்தமாயிருக்கிறோம் என்று ஆராயவில்லை. அம்பேத்கர் அக்கணக்கை முன்பே முடித்திருந்தார். இந்துவாக இறக்கப்போவதில்லை என்று 1935 அக்டோபரில் இயோலாவில் ஊரறிய அறிவித்தவருக்கு லாகூர் மேடை பெரிய இழப்பன்று. உரையைத் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். கொலம்பியாவில் அவருக்கு ஆசிரியராயிருந்த ஜான் டூயி, எண்ணத்தின் தகுதியைச் செயலில் சோதிக்கச் சொன்னவர் என்பது தற்செயலன்று.

இதனால் சிந்தனை வீண் என்றாகாது. ஆராயாத துணிவு கும்பலிடமும் உண்டு. ஆனால் தன்னாய்வு கேட்கவேண்டிய வினா மாறவேண்டும். எந்தத் தீர்மானத்தில் கையெழுத்திட மறுப்பது? அதனால் பதவி உயர்வு தடைப்பட்டால் வீட்டுக் கடன் தவணையை எப்படிக் கட்டுவது? இவற்றைக் கூட்டத்துக்கு முந்தைய இரவே யோசித்தவர்தான் மறுநாள் வாய் திறப்பார். மாற்றுக் கருத்தைத் தம் பெயருடன் குறிப்பேட்டில் பதியுமாறு எந்த உறுப்பினரும் கோரலாம். முதல் இயலில் அத்தனை நேர்மையாக 'நான்' எழுதியவர்களுள் எத்தனை பேர் அதைக் கோரியிருக்கிறார்கள்?