நடுமூளை தூங்கவில்லை, ஆட்சியர் அவர்களே

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறை நெருங்கினாலே ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ சுவரொட்டிகள் முளைத்துவிடுகின்றன. பிள்ளைகளின் நடுமூளையைத் தூண்டிவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டே படிப்பார்களாம், நினைவாற்றல் பெருகுமாம், பிடிவாதமும் கோபமும் அடங்குமாம். கட்டணம் ஆயிரக்கணக்கில். கடன் வாங்கிக் கட்டும் பெற்றோரும் உண்டு.

நடுமூளையை யாரும் எழுப்பிவிட வேண்டியதில்லை. மூளைத்தண்டின் உச்சியில், சுமார் 2 செ.மீ. நீளமே உள்ள அது, பிறக்கும்போதே வேலையில் இறங்கிவிடுகிறது. பச்சைக்குழந்தை சத்தம் வந்த பக்கம் கண்ணைத் திருப்புகிறதே, அதில் நடுமூளைக்குப் பெரும் பங்குண்டு. டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன; ஒன்றை விரும்பி முயலும் உந்துதல் அவற்றால் வருகிறது. மிரண்ட குழந்தை அப்படியே உறைந்து நிற்பதற்கும் அங்குள்ள ஒரு பகுதி காரணம்.

இந்த உந்துதலுக்குக் கடிவாளம் போடுவது நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளைப் பகுதி. அது முழுதாக முதிர ஏறத்தாழ 25 வயதாகிறது. கடைவாசலில் புரண்டு அழும் நாலு வயதுப் பிள்ளைக்கு நடுமூளையில் கோளாறு எதுவும் இல்லை. அதற்குத் தேவை, கத்தாமல் பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவர், போதிய தூக்கம், ஓடியாட இடம், இவற்றோடு வருடக்கணக்கில் பொறுமை. இதற்குக் குறுக்குவழி கிடையாது.

கண்கட்டு வித்தையைச் சற்றுக் கிட்டே நின்று கவனியுங்கள். பிள்ளை முகவாயை லேசாகத் தூக்கியிருக்கும். அட்டையை நெஞ்சுக்கு நேரே தாழ்த்திப் பிடித்திருக்கும். மூக்கின் இருபுறமும் துணிக்கு அடியில் இடைவெளி இருக்கும். மேஜிக் கலைஞர்களுக்குப் பழகிப்போன உத்தி இது. முகவாய்க்குக் கீழே ஒரு காகித அட்டையை மறைப்பாகப் பிடித்தால் படிப்பது நின்றுவிடும். மங்களூர்ப் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இந்த ஏமாற்றைப் பொதுவெளியில் அம்பலப்படுத்தியிருக்கிறார்.

பணம் போவதைவிட எனக்கு வலிப்பது வேறு. இடுக்கு வழியாகப் பார்க்கிறோம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். எதிரே அம்மாவும் அப்பாவும் பூரித்துப்போய்க் கைதட்டுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் எப்படி உண்மையைச் சொல்லும்? ‘எனக்குத் தெரியலம்மா’ என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற பிள்ளைதான் தன்னைத்தானே அடக்கியாளக் கற்கிறது. அந்த இடத்தில்தான் இந்த வகுப்புகளை நடத்துபவர்கள் கைவைக்கிறார்கள்.

தவறான விளம்பரங்கள் பற்றிய புகாரை விசாரித்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 16 உங்களுக்குத் தந்திருக்கிறது. அந்த ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பள்ளி வளாகங்களில் இவர்களுக்கு இடம் தர வேண்டாம் என்று முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகச் சொல்லவும் உங்களால் முடியும். விடுமுறை வகுப்புகளுக்குப் பணம் வசூலாவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். புகார் வந்தால்தான் விசாரணை என்றால், இந்த மடலையே என் புகாராக ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்துச் சிறப்புக் கல்வி ஆசிரியை