கோழிச் சாவை மறைக்காதீர்!

“கோழிக்கு வந்த சீக்கு கோழியோடு போகும்” என்று வாளாவிருப்பது நம்மவரிடம் நெடுநாளாக உள்ள பழக்கம். பறவைக் காய்ச்சலைப் பொறுத்தமட்டில் இந்த எண்ணம் உயிருக்கே உலை வைக்கும்.

1997-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் எச்5என்1 என்னும் கிருமி கோழிகளிடமிருந்து மனிதரைத் தொற்றியது. 18 பேர் நோயுற்றனர். 6 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கோழிகளைக் கொன்றழித்தே அங்கு நோயை நிறுத்த முடிந்தது. 2003 முதல் பல நாடுகளில் 900-க்கும் அதிகமானோரை இது பீடித்திருக்கிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தனர். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது எளிதில் பரவுவதில்லை என்பது ஓர் ஆறுதல். ஆயினும் 2004-இல் தாய்லாந்தில், நோயுற்ற மகளை அருகிருந்து கவனித்த தாய்க்கும் தொற்றி இருவரும் மாண்டனர். கிருமி மாறிக்கொண்டே இருப்பது. நாளை அது எளிதில் பரவும் வல்லமை பெற்றால் நாடே தாங்காது.

நம் நாட்டுக் கோழிகளையும் இந்நோய் விடவில்லை. 2004-இல் கிளந்தான் பாசிர் பெக்கானில் கண்டது. எல்லை தாண்டிக் கள்ளத்தனமாக வந்த சண்டைச் சேவல்களே அதற்குக் காரணமென்று கருதப்பட்டது. 2007-இல் சிலாங்கூரிலும், 2017-இல் மீண்டும் கிளந்தானிலும் தலைகாட்டியது. அப்போது மனிதர் எவருக்கும் தொற்றாதது நம் நல்ல காலம். நல்ல காலத்தை நம்பியே இருக்கலாமா?

விலங்கின் நோய் மனிதருக்கு வரும்போது முதலில் விழுபவன் தொழிலாளி. 2024-இல் அமெரிக்காவில் இக்கிருமி கறவை மாடுகளுக்குப் பரவியது; நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் மாட்டுப் பண்ணை, கோழிப் பண்ணைத் தொழிலாளர்களே. 1998–99-இல் நம் நாட்டில் நீப்பா நோய் 105 உயிர்களைக் கொண்டுபோனதை மறக்க முடியுமா? அவர்களிலும் பன்றிப் பண்ணைகளில் உழைத்தவர்களே அதிகம். கொசுவால் வரும் மூளைக் காய்ச்சலென்று முதலில் எண்ணியதால் பொன்னான நாட்கள் வீணாயின.

லயத்தின் பின்புறம் நாலு கோழி வளர்ப்பது பொழுதுபோக்குக்காக அன்று. பிள்ளையின் பள்ளிச் செலவு அதில் இருக்கிறது. ஆகவே, தள்ளாடும் கோழியைக் கண்டால் சாகுமுன் அறுத்துவிடத் தோன்றுகிறது. ஆபத்து அங்கேதான். நன்கு வெந்த கறியில் கிருமி பிழைக்காது. ஆனால் அறுக்கும்போதும், இறகு பிடுங்கும்போதும், குடல் எடுக்கும்போதும் கையிலும் கண்ணிலும் மூச்சிலும் ஏறிவிடும்.

கோழிகள் திடீரெனச் செத்தால் தொடாதீர்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள், விற்காதீர்கள். அலுவலகத்தில் சொல்லுங்கள். கிராணிமார் அன்றே கால்நடை இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு காய்ச்சலோ, இருமலோ, கண் சிவப்போ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் சென்று, “செத்த கோழியின் அருகில் இருந்தேன்” என்று சொல்லுங்கள். இதற்கு மருந்து உண்டு. முதல் இரண்டு நாளில் கொடுத்தால்தான் முழுப் பலன்.

தொழிலாளிக்குக் கடமை சொன்ன நாம், மற்றவர் கடமையையும் சொல்ல வேண்டும். அழிக்கப்படும் ஒவ்வொரு கோழிக்கும் சந்தை விலையை அரசாங்கம் தாமதமின்றித் தரவேண்டும். நட்டம் தன் தலையில் விழுமென்று அஞ்சுபவன் உண்மையைச் சொல்ல மாட்டான். செத்த பறவைகளைப் புதைக்கச் சொல்லும் நிர்வாகம் கையுறை, முகமூடி, கண்ணாடி, சவர்க்காரம் கொடுத்த பின்னரே வேலை வாங்க வேண்டும். அவ்வேலையால் நோயுற்றவருக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் இவ்வுரிமை உண்டு. கிருமி பாஸ்போர்ட் பார்ப்பதில்லை.

இக்கோரிக்கைகளைத் தோட்டக் கிளைகள் தத்தம் நிர்வாகத்திடம் இப்போதே எழுத்தில் கொடுக்க வேண்டும். நோய் வந்த பின் கையுறை தேடி அலைவது வீண் வேலை.