‘டிக்’ சத்தத்தை நம்பலாமா?

கோவையிலிருந்து ஆனைகட்டி சுமார் 30 கி.மீ. மாங்கரையைத் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்குகிறது. எல்லைக்கு அப்பால் அட்டப்பாடி. ஆள் நிறைந்த ஜீப் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களின் மீது சாய்கிறது. அந்தச் சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பவை ஐந்தாறு நட்டுகள்.

ஸ்பேனரில் பைப்பைச் செருகி, ஏறி மிதித்து நட்டை முடுக்குவது சாலையோரப் பட்டறைகளில் பரவலான வழக்கம். நட்டு தளர்ந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறி முடுக்கினாலும் அதே கதிதான். இழுபட்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாது, ஒருநாள் முறியும்.

இதற்காகவே வந்தது டார்க் ரெஞ்ச். வைத்த அளவை எட்டியதும் ‘டிக்’ என்று சத்தம் கொடுக்கும். ஆனால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், அளவை எட்டும் முன்பே அதே ‘டிக்’ கேட்கும். காதுக்கு வித்தியாசம் தெரியாது. நட்டு சரியாக முடுக்கப்பட்டதாக நினைத்து மெக்கானிக் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

எனவேதான் 12 மாதங்களுக்கு ஒருமுறை அல்லது 5,000 தடவை பயன்படுத்தியதும், எது முந்துகிறதோ அப்போது, ரெஞ்சைச் சோதிக்கச் சொல்கிறது ஐ.எஸ்.ஓ. 6789 என்ற சர்வதேசத் தரநிர்ணயம். கீழே விழுந்தால் உடனே சோதிப்பது நல்லது. கோவையிலேயே அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் சோதனைக்கூடங்கள் உண்டு. அங்கீகாரம் பெற்ற கூடங்களின் அளவுகள் படிப்படியாக தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உள்ள மூல அளவுகளோடு ஒப்பிடப்பட்டவை.

அதுவரை பட்டறையிலேயே தோராயமாகப் பார்க்கலாம். ரெஞ்சின் தலையை வைஸில் இறுக்கி, கிடைமட்டமாக வைத்து, தலையின் மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளிக் கைப்பிடியில் 20 கிலோவைத் தொங்கவிட்டால் கிடைப்பது சுமார் 98 நியூட்டன் மீட்டர். 80-இல் வைத்த ரெஞ்ச் இதற்கு ‘டிக்’ சொல்ல வேண்டும். 120-இல் வைத்தது சொல்லக்கூடாது. சொன்னால் அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

பழக்கமும் முக்கியம். வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். துருப்பிடித்த நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தக்கூடாது. தலை பிளந்து பூத்துப்போன உளியை உரசிச் சீராக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிக்கும்போது சில்லு தெறித்துக் கண்ணைப் பறிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது கூடவே கூடாது.

ஜீப்பில் ஏறுகிறவர்கள் நட்டைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஏறுவதில்லை. அவர்களுக்காகப் பார்க்கக்கூடியவர் மெக்கானிக் ஒருவரே.