எம்-3 எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு



"இந்த டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் வாழ்க்கையில எங்கடா யூஸ் ஆகப்போகுது?" எம்-3 கிளாஸ்ல இந்தக் கேள்வியைக் கேக்காத ஆள் நம்ம காலேஜ்ல இருக்காங்களா? நானும் கேட்டேன். கேட்டுட்டு, சீனியர் குடுத்த இம்பார்டன்ட் கொஸ்டின்ஸைப் படிச்சு பாஸும் ஆயிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் ரெண்டு வருஷம் கழிச்சு, புராஜெக்ட் ரிவ்யூவில் கிடைத்தது. கொஞ்சம் அசிங்கமான முறையில்.

எங்கள் புராஜெக்ட் சிடி ஸ்கேன் படங்களில் வரும் நாய்ஸைக் குறைப்பது. மேட்லேப்பில் 'ஐரேடான்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. எக்ஸ்-ரே நிழல்களைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் படத்தைத் திருப்பித் தரும். ஃபில்டர் எதுவும் நாம் சொல்லாவிட்டால் 'ரேம்-லேக்' என்ற ஃபில்டரை அதுவே எடுத்துக்கொள்ளும். ரிவ்யூவில் சார் கேட்டார்: "ரேம்-லேக்னா யாருப்பா?"

"ஏதோ அமெரிக்கக் கம்பெனி பேரு சார்."

அவர் சிரிக்கவில்லை. "ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன்" என்று மட்டும் சொன்னார். பின் பெஞ்ச்தான் சிரித்தது.

அன்று ராத்திரி தேடிப் படித்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன கணக்கு. நாலு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு எண் ஒளிந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டல் 5, கீழ் வரிசை 9, இடப்பக்கம் 6, வலப்பக்கம் 8. எண்கள் என்ன? மேலே 2, 3, கீழே 4, 5 என்றால் சரியாக வரும். மேலே 1, 4, கீழே 5, 4 என்றாலும் சரியாகவே வரும்! மூலைவிட்டத்தின் கூட்டல் 7 என்று ஒரு தகவல் சேர்ந்தால்தான் முதல் விடை உறுதியாகும். சிடி ஸ்கேன் இதேதான். எக்ஸ்-ரே உடம்பைக் கடந்து வரும்போது எவ்வளவு குறைந்தது என்று அளந்து லாக் எடுத்தால், அந்தக் கோட்டில் இருக்கும் எல்லாவற்றின் கூட்டல் கிடைக்கும். பல கோணங்களில் கூட்டல்களை எடுத்து, உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இது முடியும் என்று 1917இல் யோகான் ராடான் என்ற ஆஸ்திரியக் கணிதவியலாளர் நிரூபித்துவிட்டார். அவர் மனதில் நோயாளியும் இல்லை, மெஷினும் இல்லை. வெறும் கணக்கு. அன்று அவரிடம் "எங்க யூஸ் ஆகும்?" என்று கேட்டிருந்தால் அவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு வலிக்கிறது. 1950களில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆலன் கார்மாக் என்ற இயற்பியலாளர், ஒரு மருத்துவமனையில் பகுதிநேர வேலை பார்க்கும்போது இதே பிரச்சினையில் மாட்டினார். ராடானைப் பற்றி அவருக்குத் தெரியாது. தானே உட்கார்ந்து கணக்கைத் தீர்த்து 1963, 1964இல் வெளியிட்டார். கிட்டத்தட்ட யாருமே கண்டுகொள்ளவில்லை. பேப்பரைக் கேட்டு வந்த சிலரில் ஒருவர், பனிச்சரிவை ஆராயும் ஒரு சுவிஸ் மையத்தைச் சேர்ந்தவராம்! ராடான் ஏற்கெனவே முடித்த கணக்கு என்பது கார்மாக்குக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

இங்கிலாந்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற எஞ்சினியருக்கு இந்த ரெண்டு பேரையும் தெரியாது. அவரிடம் பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. அவருடைய முதல் சோதனை அமைப்பில் ஒரு ஸ்கேன் எடுக்க 9 நாள் ஆனது. 1971 அக்டோபரில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியின் மூளையை அவருடைய மெஷின் படம் பிடித்தது. 1979இல் கார்மாக்கும் அவரும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ரெண்டு பேருமே டாக்டர் இல்லை.

"அப்போ ராடான் இல்லாமலே மெஷின் வந்துடுச்சே, கணக்கு எதுக்கு?" என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. ஆமாம், முதல் மெஷின் வேற வழியில்தான் வந்தது. ஒரு படத்தை உத்தேசமாக வைத்து, அளவோடு ஒப்பிட்டு, திருத்தித் திருத்திச் சரியாக்கும் வழி. அது மெதுவான வழி. வேகத்தைக் கொண்டுவந்தது கணக்கு. அங்கேதான் நம்ம ஆட்கள் வருகிறார்கள்.

நிழல்களை வந்த வழியே திருப்பிப் பரப்பினால் படம் கிடைக்கும், ஆனால் கலங்கலாக. அதைத் தெளிவாக்க ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம் போட்டு மல்லுக்கட்டத் தேவையில்லை, பரப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு நிழலையும் ஒரு தனி ஃபங்ஷனோடு கன்வல்யூஷன் செய்தால் போதும் என்று 1971இல் ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் காட்டினார்கள். நாம் ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணின அதே கன்வல்யூஷன்!

ராமச்சந்திரன் யார்? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்து, இயற்பியலுக்கு மாறினவர். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில், நம்ம கிண்டியில், கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டறிந்தவர். 1963இல் அவர் குழு வெளியிட்ட 'ராமச்சந்திரன் பிளாட்' இல்லாமல் இன்றும் புரத அமைப்பைப் படிக்க முடியாது. மின்பொறியியல், இயற்பியல், கணக்கு, உயிரியல் எல்லாமே ஒரே மனுஷனுக்குள்ள.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். செகண்ட் இயரில் பயோமெடிக்கல் படிக்கும் என் ஹாஸ்டல் நண்பன், "இந்த ஸ்கேன் டேட்டாவுல என்னமோ புரியல, ஒரு தடவை வந்து பாரேன்" என்று மூணு முறை கூப்பிட்டான். கோடிங் பிராக்டிஸ் இருக்கு, பிளேஸ்மென்ட் வருது என்று மூணு முறையும் தட்டிக் கழித்தேன். ஃபைனல் இயரில் அதே டேட்டாவுக்காக அவன் ரூம் வாசலில் நான் நின்றேன். கார்மாக்குக்கும் ராடானுக்கும் நடுவில் 40 வருஷமும் மொழியும் கண்டமும் இருந்தது. எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது ஒரு மாடிப்படி.

பிளேஸ்மென்ட்டை விடுங்கன்னு சொல்லலை. எனக்கும் வேலை கிடைச்சிருக்கு, வீட்டுக்கு அது தேவை. ஆனா மேத்ஸ் டிபார்ட்மென்ட்டை அரியர் போடுற இடமாகவும், பயோமெடிக்கலைப் பக்கத்து பிளாக்காகவும் மட்டுமே பார்த்து நாலு வருஷத்தை முடிக்காதீங்க. புராஜெக்ட் டீம் ஒரே டிபார்ட்மென்ட்டாத்தான் இருக்கணும்னு இங்கே ஒரு வழக்கம் இருக்கு. ஏன்னு கேளுங்க. மூணு டிபார்ட்மென்ட் சேர்ந்த ஒரு டீமுக்காவது அனுமதி கேட்டு ஹெச்ஓடி முன்னால் போய் நில்லுங்க. கணக்கு மேடம்கிட்ட "எந்த கொஸ்டின் வரும்?"ங்கறதுக்குப் பதிலா, "இதை யாரு, எதுக்குக் கண்டுபிடிச்சாங்க?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

"எங்க யூஸ் ஆகும்?"ங்கற கேள்வியையும் விட வேண்டாம். அதைப் பக்கத்து பெஞ்ச்ல கேக்காம, பக்கத்து பிளாக்ல போய்க் கேளுங்க. என் நண்பன் மாதிரி யாராவது அங்கே ஏற்கெனவே உங்களைக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க.