உறையில் இருக்க வேண்டிய வாள்

அகிரா குரோசவாவின் 'சான்ஜுரோ' படத்தைப் பற்றி எங்கள் நண்பர் வட்டத்தில் மூன்று அபிப்பிராயங்கள். 'செவன் சாமுராய்' எடுத்த மேதை சும்மா பொழுதுபோக்காக எடுத்த படம் என்கிறார் ஒருவர். சிரிக்கச் சிரிக்கப் போன படத்தில் கடைசியில் எதற்கு அவ்வளவு ரத்தம் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் பாதியிலேயே தூங்கிவிட்டார். அவரை விட்டுவிடுவோம். மற்ற இருவருக்கும்தான் இந்தப் பதிவு.

1962-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். முந்தைய வருஷம் 'யோஜிம்போ'வில் பார்த்த அதே நாடோடி சாமுராய், அதே தோஷிரோ மிஃபுனே. மழிக்காத முகம், தோளைக் குலுக்கிக்கொண்டு ஒரு நடை, எந்நேரமும் பசி அல்லது தூக்கம்.

ஊழலை ஒழிக்கப் புறப்பட்ட ஒன்பது இளைஞர்கள் ராத்திரியில் ஒரு கோயிலில் ரகசியமாகக் கூடுகிறார்கள். அவர்களில் ஒருவனுடைய மாமா பெரிய அதிகாரி. முகம் லட்சணமாக இல்லை, கொடுத்த மனுவையும் கிழித்துப் போட்டுவிட்டார். ஆகவே அவர்தான் திருடர் என்று முடிவு கட்டுகிறார்கள். கம்பீரமாக இருக்கும் இன்னொரு அதிகாரியை நம்புகிறார்கள். உள்ளே படுத்திருந்த நம்ம ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து, இரண்டு பேர் முகத்தையும் நான் பார்த்ததில்லை, அதனால்தான் எனக்கு விஷயம் புரிகிறது, மாமாதான் நல்லவர் என்கிறார். நாற்பது வருஷம் ஆபீசில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்!

சிரிப்புக்குக் குறைவில்லை. பிடித்து வந்த எதிரி ஒருவனை அலமாரிக்குள் அடைத்து வைக்கிறார்கள். நல்ல செய்தி வந்ததும் அவனும் வெளியே வந்து இவர்களோடு சேர்ந்து குதிக்கிறான். தான் யார் என்று ஞாபகம் வந்ததும் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

எனக்குப் படத்தின் நாயகி அந்த மாமாவின் மனைவி. எதிரிகளிடமிருந்து தப்பி வந்து, வைக்கோலில் சாய்ந்துகொண்டு அதன் வாசனையை ரசிக்கிற அம்மாள். சுவர் ஏறத் தெரியாது. வீராதி வீரர் குனிந்து முதுகைக் கொடுக்க, கூச்சத்தோடு அதில் கால் வைத்து ஏறுகிறார். அதே அம்மாள்தான் அவரிடம் மெதுவாகச் சொல்கிறார்: நீங்கள் உருவிய வாள் மாதிரி இருக்கிறீர்கள், நல்ல வாள் உறையில்தான் இருக்கும் என்று. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

அதற்கப்புறம் கவனித்துப் பாருங்கள். இளைஞர்கள் அவசரப்பட்டு மாட்டிக்கொள்ள, அவர்களைக் காப்பாற்ற அவர் ஒரு காவல் கூட்டத்தையே வெட்டிச் சாய்க்க வேண்டியிருக்கிறது. முடிந்ததும் பையன்களைப் பளார் பளார் என்று அறைகிறார், உங்களால்தானே அநாவசியமாக இத்தனை பேரைக் கொன்றேன் என்று. கதாநாயகன் ஜெயித்த பிறகு இப்படிக் கோபப்படுகிற சண்டைப் படம் எனக்கு வேறு நினைவுக்கு வரவில்லை.

கடைசிச் சண்டையும் அப்படித்தான். எதிரியாக தட்சுயா நகாடாய். இருவரும் கை தொடும் தூரத்தில் அசையாமல் நிற்கிறார்கள். நெடுநேரம் மௌனம். ஒரே வீச்சு. ரத்தம் ஊற்றாகப் பீறிட்டு அடிக்கிறது. ஒரு பையன் வாய்விட்டுப் பாராட்டுகிறான். மிஃபுனே அவன்மேல் எரிந்து விழுகிறார். செத்தவனும் தன்னைப் போல உறையில்லாத வாள்தான், அந்த அம்மாள் சொன்னது சரி என்கிறார். அவ்வளவு நேரம் சிரித்தவர்கள் நாம். பாராட்டிய பையனோடு சேர்ந்து நமக்கும் ஒரு திட்டு. அந்த ரத்தம் இல்லாவிட்டால் திட்டு உறைக்காது. சிரிப்பு இல்லாவிட்டாலும் உறைக்காது. பொழுதுபோக்கு என்று சொன்ன நண்பருக்கும் இதுவே என் பதில்.

ரத்தம் அதிகம் என்றவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் மறுபடி போடலாம் என்கிறார். அந்தக் கடைசி நிமிஷத்தில் மட்டும் காபி கலக்க எழுந்து போய்விடுவாராம்.