தக்காளிச் செடிக்காக ஸ்டேஷனுக்குப் போகணுமா? காற்றில் வேர் விட்டு கீரை வளர்க்கலாமே!

ஆதம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. மொட்டை மாடியில் ஒரு அம்மா முப்பது பைகளில் தக்காளி, கத்தரி, கீரை என்று வளர்த்து வந்தார். கீழ் வீட்டுக்காரருக்கோ படுக்கை அறையில் தண்ணீர் கசிந்து சுவரெல்லாம் பூஞ்சை.

"பைகளை எடுங்க" என்றார் இவர். "மாடி எல்லாருக்கும் பொது" என்றார் அவர். வாய்த் தகராறு முற்றி விவகாரம் போலீஸ் ஸ்டேஷன் வரை வந்துவிட்டது. ஏட்டையா இரண்டு பேரையும் உட்கார வைத்து சமாதானம் பேசி அனுப்பினார். மறுநாள் பைகள் இறங்கின. காய்த்துக் குலுங்கிய செடிகள் குப்பை வண்டியில் ஏறின.

அடிதடி, சங்கிலித் திருட்டு, குழாயடிச் சண்டை என்று எழுதுகிறவன் நான். ஆனால் அன்றைக்கு அந்த அம்மா கண் கலங்கியதைப் பார்த்தபிறகு மனசு கேட்கவில்லை. இரண்டு பேர் மேலும் தப்பில்லை. மாடிக்கு மண்ணும் ஆகாது, தேங்கும் தண்ணியும் ஆகாது. ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். பழைய கட்டடம் தாங்குமா?

மண்ணே இல்லாமல் செடி வளர்க்க முடியும் என்கிறார்கள் விவசாய விஞ்ஞானிகள். அதன் பெயர் ஏரோபோனிக்ஸ்.

அது என்ன முறை?

ரொம்ப சிம்பிள். மூடிய பெட்டி ஒன்று. மேல் மூடியில் ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு செடி. இலை வெளியே, வேர் உள்ளே அந்தரத்தில் தொங்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை பம்பு ஓடி, உரம் கரைத்த தண்ணீரைப் பனி மாதிரி வேரின்மேல் தூவும். வேர் குடித்தது போக மிச்சம் சொட்டி, திரும்பத் தொட்டிக்கே போய்விடும்.

தரையில் சிந்துவது இல்லை. கீழ் வீட்டுக் கூரை ஒழுகாது. வேருக்குக் காற்று தாராளமாகக் கிடைப்பதால் செடி வேகமாக வளரும். பெட்டிகளை அடுக்கி வைத்தால் கொஞ்ச இடத்தில் நிறைய செடி.

தண்ணீர்க் கணக்கைக் கேளுங்கள். நிலத்தில் பாய்ச்சுவதைவிட 98 சதவீதம் வரை தண்ணீர் மிச்சம் என்று அமெரிக்காவின் நாசா வெளியீடு சொல்கிறது. அவ்வளவு கூட வேண்டாம், பாதி மிச்சமானாலே நமக்குப் புண்ணியம். 2019-ஐ மறந்துவிட முடியுமா? ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ரெயில் வில்லிவாக்கம் வந்ததே! லாரித் தண்ணிக்கு நடுராத்திரி காத்திருந்தவர்கள் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே நடக்கிறது

இது வெறும் வெளிநாட்டுக் கதை இல்லை. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இந்த முறையில் விதைக் கிழங்கு எடுக்கிறது. ஒரே செடியிலிருந்து 35 முதல் 60 சின்னக் கிழங்குகள் கிடைப்பதாகக் கணக்கு. மண்ணில் வைப்பதைவிட இது பல மடங்கு. 2022-ல் மத்தியப் பிரதேச அரசு குவாலியரில் இதைச் செய்ய அந்த நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டது.

இதில் இன்னொரு லாபம், மண்ணில் இருக்கும் நோய் அண்டாது. அதன் அருமை ஊட்டிக்காரர்களைக் கேட்டால் தெரியும். 1961-ல் நீலகிரி மண்ணில் உருளைக்கிழங்கின் வேரைத் தின்னும் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அப்புறம் அங்கே விளைந்த விதைக் கிழங்கு வெளி மாநிலம் போகத் தடை வந்துவிட்டது. மண்ணே இல்லாத பெட்டியில் அந்தப் புழு எங்கிருந்து வரும்?

"நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சிங்கப்பூர் நம்மைப் போல வெக்கை ஊர்தான். அங்கே பேராசிரியர் லீ சிங் கோங் என்பவர் வேருக்கு மட்டும் குளிர்ந்த நீரைத் தூவி, குளிர் நாட்டு லெட்டூஸ் கீரையையே வளர்த்துக் காட்டினார். நமக்கு லெட்டூஸ் எதற்கு? புதினாவும் பாலக்கும் வந்தால் போதாதா?

கரண்ட் போனால்?

நல்லதை மட்டும் சொல்லி ஏமாற்ற மாட்டேன். பம்பு நின்றால் சில மணி நேரத்தில் வேர் காய்ந்து செடி செத்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு இணைப்பு கட்டாயம் வேண்டும். போர் தண்ணீரின் உப்பு படிந்தால் தூவும் முனை அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீரை வடிகட்டி ஊற்றுவது உத்தமம். உரக் கரைசலை அளவு தப்பாமல் கலக்கவும் பழக வேண்டும். முதல் செலவும் மண் பையைவிடக் கூடுதல்தான்.

செய்தியாளன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. "பெட்டி நாங்க தர்றோம், விளைஞ்சதை நாங்களே வாங்கிக்கிறோம், மாசா மாசம் பணம்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். 2012-ல் கொங்கு மண்டலத்தில் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டவர்கள் பட்ட பாடு நினைவிருக்கட்டும். கோழி மேல் தப்பில்லை. கூட வந்த பேச்சில்தான் தப்பு. நாளைக்கு இந்தப் பெட்டியைக் காட்டியும் வருவார்கள்.

அரசு முன்வருமா?

அதனால்தான் முதலில் அரசு செய்து காட்ட வேண்டும் என்கிறேன். 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டப் பொருட்களை மானிய விலையில் தந்தது. ஜனங்கள் ஆர்வமாக வாங்கினார்கள். அதே துறை இப்போது ஆதம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மாடியில் நாலு பெட்டி வைக்கட்டும். எத்தனை குடம் தண்ணீர், எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை கட்டு கீரை என்று வாரா வாரம் வாசல் போர்டில் எழுதிப் போடட்டும். கீரை சத்துணவுக்குப் போகட்டும்.

கட்டுப்படி ஆகிறது என்றால் ஜனங்க தானாக வாங்குவார்கள். ஆகவில்லை என்றால் நஷ்டம் நாலு பெட்டியோடு போகும். ஏழை வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகாது.

அந்த அம்மாவின் மாடி இன்றைக்கும் காலியாகத்தான் கிடக்கிறது. கீழ் வீட்டுக்காரரைக் கேட்டேன். "ஒழுகலேன்னா எனக்கு என்ன சார், தாராளமா வளர்க்கட்டும், ரெண்டு கட்டு புதினா எங்க வீட்டுக்கும் வரட்டும்" என்றார்.

சண்டை தீர வழி இருக்கிறது. அதிகாரிகள் மாடிப்படி ஏறுவார்களா?