சுருட்டி எடுத்துப்போகும் சோலார்... ஜப்பானின் செகண்ட் இன்னிங்ஸ்!

சோலார் பேனல் என்றதும் மொட்டை மாடியில் கனமான கண்ணாடிப் பலகை சாய்ந்து நிற்கும் காட்சிதான் நினைவுக்கு வரும். அதே வேலையை, போஸ்டர் மாதிரி சுருட்டி எடுத்துப்போகும் மெல்லிய ஃபிலிம் செய்தால்? ஜப்பான் இப்போது நம்பியிருப்பது அதைத்தான். அந்த ஃபிலிமின் உயிர், 'பெரோவ்ஸ்கைட்'.

பெயர் பழசு, பொருள் புதுசு

1839-ல் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு, ஜெர்மன் விஞ்ஞானி குஸ்டாவ் ரோஸ் ரஷ்யப் பிரபு லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை வைத்தார். அந்தக் கனிமத்தில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் அதே முறையில் ஆய்வகத்தில் உருவாக்கப்படுபவை ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டுகள். பெரும்பாலும் ஈயமும், அயோடின் அல்லது புரோமினும் இவற்றில் இருக்கும்.

சிலிக்கானை உருக்க 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பெரோவ்ஸ்கைட்டைக் கரைசலாக்கிப் பூசி, 100 டிகிரி அளவில் காயவைத்தாலே போதும். ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய பூச்சே வெயிலை நன்றாக உறிஞ்சிவிடும். அயோடினுக்குப் பதில் புரோமினைச் சேர்த்தால், அது உமிழும் ஒளி சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். அதனால் எல்.இ.டி, டிவி திரை ஆய்வுகளிலும் இதற்கு மவுசு!

3.8-லிருந்து 26

இதை சோலார் செல்லுக்குள் கொண்டுவந்தவர், யோகோஹாமாவில் உள்ள டோயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுடோமு மியாசாகா. மாணவர் அகிஹிரோ கோஜிமாவின் ஆர்வத்தில் தொடங்கிய ஆய்வு, 2009-ல் வெளியானது. வெயிலில் 3.8 சதவிகிதம் மட்டுமே மின்சாரமானது. செல்லுக்குள் இருந்த திரவமே பெரோவ்ஸ்கைட்டைக் கரைத்ததால், அதன் ஆயுளும் மிகக் குறைவு.

2012-ல் தென் கொரிய, பிரிட்டன் விஞ்ஞானிகள் திரவத்தைத் தூக்கிவிட்டுத் திடப்பொருளை வைத்தார்கள். செயல்திறன் 10 சதவிகிதத்தை எட்டியது. இன்று ஆய்வகத்தில் 26 சதவிகிதத்தையும் தாண்டிவிட்டது. சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட்டைப் பூசிய 'டேண்டம்' செல்லில், சீனாவின் லாங்கி நிறுவனம் 34 சதவிகிதத்தைக் கடந்திருக்கிறது.

கைநழுவிய காப்புரிமை

வெளிநாடுகளில் காப்புரிமை பெற ஆகும் செலவை யோசித்து, அடிப்படைக் கண்டுபிடிப்புக்கு மியாசாகா அங்கெல்லாம் விண்ணப்பிக்கவில்லை. கதவு திறந்தே இருந்ததால் மற்ற நாடுகள் வேகமாக நுழைந்துவிட்டன. 2000-களின் தொடக்கத்தில் சிலிக்கான் பேனலில் கொடிகட்டிப் பறந்த ஜப்பான், அந்தச் சந்தையை ஏற்கெனவே சீனாவிடம் பறிகொடுத்த நாடு. அதனால்தான் இந்த முறை அரசே களமிறங்கி, 2040-க்குள் 20 ஜிகாவாட் என இலக்கு வைத்திருக்கிறது.

கையில் ஒரு துருப்புச்சீட்டும் இருக்கிறது. அயோடின் உற்பத்தியில் சிலிக்கு அடுத்த இடம் ஜப்பானுக்கே. டோக்கியோவுக்குப் பக்கத்தில் உள்ள சிபா பகுதியில், நிலத்தடி உப்புநீரிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறார்கள்.

இரண்டு வில்லன்கள்

முதல் வில்லன், ஈரம். காற்றின் ஈரப்பதமும் சூடும் பெரோவ்ஸ்கைட்டைச் சிதைத்துவிடும். சிலிக்கான் பேனல் 25 ஆண்டுகள் உழைக்கும் என்பதால், இதுவும் அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். இரண்டாவது வில்லன், ஈயம். அளவு குறைவுதான் என்றாலும், ஃபிலிம் கிழிந்து மழைநீரில் கலந்தால் அது நஞ்சு. காற்றும் நீரும் புகாதபடி சீல் செய்வதும், ஈயத்துக்குப் பதில் வெள்ளீயத்தைப் பயன்படுத்திப் பார்ப்பதும் அதனால்தான்.

செயல்திறனில் பெரோவ்ஸ்கைட் பாஸாகிவிட்டது. வெயிலிலும் மழையிலும் எத்தனை வருஷம் தாங்கும் என்பதுதான் இனி அது எழுத வேண்டிய பரீட்சை!